எந்த மாத்திரை நல்லது?

எட்டயபுரத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கரிசல் காடுதான் தெரியும். ஆனால் பஸ் ஏறினால் தூத்துக்குடித் துறைமுகம் வந்துவிடும். அங்கிருந்து 2011 ஜூனில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அந்தச் சேவை சில மாதங்களே நடந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். கப்பல் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது: கடல் மயக்கம் வராமல் தடுக்க எந்த மாத்திரை நல்லது?

"நான் இதைப் போட்டுக்கொண்டேன், வாந்தியே வரவில்லை" என்பார் ஒருவர். "இஞ்சி போதும்" என்பார் மற்றவர். மாணவர்களே, இவை எதையும் சான்றாக ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. மாத்திரை போடாமலே இருந்திருந்தால் அவருக்கு வாந்தி வந்திருக்குமா? அது தெரியாதே!

1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்கு ஒரு பெண்மணிக்குப் புதிய மருந்து கொடுத்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் அவருக்கு அந்தத் தொல்லை நின்றுபோயிற்று. மருத்துவர்கள் அதோடு திருப்தி அடையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 'ஜெனரல் பல்லூ' கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்த படைவீரர்களில் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். டைமென்ஹைட்ரினேட் இப்படித்தான் பெயர் பெற்றது.

போலி மாத்திரை எதற்கு என்கிறீர்களா? இவ்வகை ஒவ்வாமை மருந்துகளைப் பற்றிய சோதனைகளை 2022-இல் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையான பயணங்களில், மருந்து உண்டவர்களில் 100-க்கு 40 பேர் தப்பினர். போலி மாத்திரை உண்டவர்களிலும் 25 பேர் தப்பினர்! அந்த 25 பேரும் தங்கள் மாத்திரையைப் புகழ்ந்திருப்பார்கள் அல்லவா?

"தூக்கம் வராத மாத்திரை கொடுங்கள்" என்று கடையில் கேட்பதும் வழக்கம். உட்செவி ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவது கடல் மயக்கம். ஆகவே மருந்து மூளைக்குள் நுழைந்தாக வேண்டும். அவோமின் நுழைகிறது, தூக்கமும் வருகிறது. தும்மலுக்கு உண்ணும் செட்டிரிசின் அவ்வளவாக நுழைவதில்லை. கடல் மயக்கத்துக்கு உதவுவதுமில்லை. வாந்தியை நிறுத்தப் பெயர்போன ஆன்டன்செட்ரானும் இதைத் தடுப்பதில்லை.

இரவுப் பயணிக்குத் தூக்கம் வந்தால் நஷ்டமில்லை. விசைப்படகு ஓட்டுபவருக்கோ அது ஆபத்து. ஆகவே, யாருக்கு நல்லது என்று சேர்த்துக் கேட்பதே சரி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பக்கத்து இருக்கைக்காரர் அல்லர். எந்த மாத்திரையானாலும் கப்பல் ஏறுமுன்னரே உண்ண வேண்டும். வாந்தி தொடங்கிய பின் மாத்திரையும் அதோடு வெளியே வந்துவிடும்.

ஹையோசின் என்ற மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. அதே பொருள் நம் ஊர் ஊமத்தையிலும் இருக்கிறது. அதற்காக யாரும் ஊமத்தையைத் தொட வேண்டாம். அது கொல்லும் நஞ்சு.

அடுத்த சுற்றுலாவில், மாத்திரை எதுவும் இல்லாமலே, பஸ்ஸில் முன்னால் இருந்தவர்களில் எத்தனை பேருக்குக் குமட்டியது, பின்னால் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு என்று ஒரு நோட்டில் குறித்துப் பாருங்களேன்.