எண்ணை மறைப்பவர் யார்?

கொடும்பாளூர்ப் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்கிறார்கள். செல்போனில் ஒருவரைக் கூப்பிடும்போது நம்முடைய எண் அவருக்குத் தெரியாதபடி மறைத்துக்கொள்வது சரியா, தப்பா என்பதே கேள்வி. “யோக்கியனுக்கு மறைப்பு எதற்கு? மறைக்கிறவன் எல்லாம் திருடன்தான்” என்பது ஒரு கட்சி. “என் எண் என்னுடையது, அதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியவன் நான்” என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம். எண்ணை மறைக்கலாமா, கூடாதா என்று மொட்டையாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. மறைப்பவன் யார், யாரிடமிருந்து மறைக்கிறான், எதற்காக மறைக்கிறான் என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

முதலில், மறைப்பு என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணை மறைத்துக் கூப்பிட்டால் அந்த எண் ஆகாயத்தில் கரைந்து போய்விடுவதில்லை. கூப்பிடுகிறவருடைய எண் ஒரு கம்பெனியின் நிலையத்திலிருந்து மற்றொரு கம்பெனியின் நிலையத்துக்குப் போய்த்தான் சேர்கிறது. “இதை எதிராளிக்குக் காட்டாதே” என்ற ஒரு குறிப்பு மாத்திரம் அதோடு கூடப் போகிறது. கடைசி நிலையம் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு எண்ணை அடக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். ஆகையால் மறைப்பு என்பது எதிராளிக்கு மாத்திரமே ஒழிய, கம்பெனிக்கும் போலீசுக்கும் அல்ல. எண்ணை மறைத்து மிரட்டினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கும் வீரர்கள் இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வேறொரு பித்தலாட்டம் இருக்கிறது. அது எண்ணை மறைப்பதல்ல. பிறருடைய எண்ணை மாட்டிக்கொண்டு வருவது. முகத்தில் துணி போட்டுக்கொள்வது ஒன்று. அடுத்தவன் முகத்தைப் போட்டுக்கொள்வது மற்றொன்று. கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, நம் நாட்டு எண்ணிலிருந்து பேசுவதுபோலக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். இதைத் தடுக்க இந்திய சர்க்கார் 2024 அக்டோபர் 22-ந்தேதி ஒரு தடுப்பு ஏற்பாட்டைத் தொடங்கிற்று. தொடங்கிய 24 மணி நேரத்தில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்களைக் காட்டிக்கொண்டு வந்த அழைப்புகளில் சுமார் 1 கோடியே 35 லட்சம், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு, போலி என்று கண்டு தடுக்கப்பட்டதாக அந்த சர்க்காரே சொல்லிற்று. 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, இவ்விதம் எண்ணைத் திரித்துக் காட்டுவதற்கு மூன்று வருஷம் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் இருக்கிறது; தடுப்பும் இருக்கிறது. ஆயினும் ஜனங்கள் ஏமாறுகிறார்களே, ஏன்? “நான் போலீஸ் பேசுகிறேன், நான் சி.பி.ஐ. பேசுகிறேன், உன் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது, உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறேன், இருந்த இடத்தை விட்டு அசையாதே” என்று ஒரு குரல் அதட்டுகிறது. படித்தவர், பட்டம் பெற்றவர், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் எல்லோரும் நடுநடுங்கி, ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். 2024-ம் வருஷம் சனவரி முதல் ஏப்ரல் வரை, நான்கே மாதத்தில், இந்த ஒரு வகை மோசடியில் மாத்திரம் ஜனங்கள் இழந்தது 120 கோடி ரூபாய்க்கு மேல் என்பது சர்க்கார் கணக்கு. போனில் கைது செய்வதென்று எந்தச் சட்டத்திலும் கிடையாது என்பதை இவர்களில் எவராவது ஒரு நிமிஷம் யோசித்தார்களா?

யோசிக்காததற்குக் காரணம் செல்போன் அல்ல. உடம்பு தெரியாமல் குரல் மாத்திரம் வந்தால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். புராணத்தில் ‘அசரீரி’ பேசும். பேசுவது யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஊர்க் கோயிலில் ஒருவன் மேல் ‘சாமி’ வந்து பேசும். ‘பேசுவது நீயா, சாமியா? அடையாளம் காட்டு’ என்று கேட்டால் அது பெரும் குற்றம். தன் குரலைச் சாமியின் குரல் என்று சொல்லிக் காணிக்கை வாங்குகிறவனுக்கும், தன் எண்ணைப் போலீஸ் எண் என்று காட்டிப் பணம் பிடுங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். முன்னவனைக் கேள்வி கேட்கப் பயந்தவன் பின்னவனைக் கேள்வி கேட்க எங்கே கற்றுக்கொள்வான்?

நிற்க. இவ்வளவையும் பார்த்துவிட்டு, “அப்படியானால் மறைப்பதையே அடியோடு ஒழித்துவிட வேண்டியதுதானே” என்று சிலர் புறப்படுவார்கள். அவர்களை நாம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுகிறோம்.

அடிக்கும் புருஷனை விட்டுத் தப்பித்து ஒரு விடுதியில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, தன் குழந்தையோடு பேச வேண்டுமென்று அந்த வீட்டுக்குப் போன் செய்கிறாள். அவள் பேசும் எண் அவனுக்குத் தெரிந்தால் அவள் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். அவள் மறைப்பது மோசடியா? அமெரிக்காவில், கூப்பிடுகிறவர் எண்ணை எதிராளிக்குக் காட்டும் வசதி 1980-களின் கடைசியில் வந்தபோது, இப்படிப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் ஸ்தாபனத்தார்தான் முன்னே வந்து ஆட்சேபித்தார்கள். பென்சில்வேனியா மாகாணத்தில் 1990-ல் நீதிமன்றமே அந்த வசதி சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கடைசியில், வேண்டும்போது தன் எண்ணை மறைத்துக்கொள்ளும் வசதி அந்நாட்டில் யாவருக்கும் காசில்லாமல் கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் எண் காட்டும் வசதி 1994-ல் வந்தபோது மறைக்கும் வழியும் கூடவே வந்தது. மறைக்க உரிமை கொடுத்த அந்நாடுகள் மோசக்காரனுக்கு உரிமை கொடுத்துவிடவில்லை. பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் எண் காட்டுவதை அமெரிக்காவில் 2010-ல் தனிச்சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அமெரிக்கா ஒருபுறமிருக்கட்டும். நம் புதுக்கோட்டை ஜில்லாவுக்கே வருவோம். திருமயம் பக்கத்தில் சட்டவிரோதமாகக் கல் வெட்டுகிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தொடர்ந்து மனுக் கொடுத்து வந்தவர் ஜகபர் அலி. அவர் எதையும் மறைக்கவில்லை. வெளிப்படையாகவே மனுக் கொடுத்தார். 2025 சனவரி 17-ந்தேதி, தொழுகை முடிந்து வண்டியில் திரும்பும்போது லாரி மோதிச் செத்தார். முதலில் விபத்து என்றார்கள், பிறகு கொலை வழக்காயிற்று, குவாரி உரிமையாளர்கள் உள்படப் பலர் கைது செய்யப்பட்டார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. குற்றவாளி யார் என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் இதைக் கண்ணால் பார்த்த ஒரு கிராமத்தான், அடுத்த குவாரியைப் பற்றித் தாசில்தாருக்குச் சொல்ல நினைத்தால், தன் எண்ணையும் பெயரையும் காட்டிக்கொண்டு பேசுவானா? பேச வேண்டும் என்று சொல்லும் யோக்கியதை நம்மில் யாருக்கு உண்டு?

இன்னும், சத்யேந்திர துபே என்ற எஞ்சினீயர், நெடுஞ்சாலை வேலையில் நடக்கும் ஊழலைப் பற்றி 2002-ல் பிரதம மந்திரிக்கு எழுதி, தம் பெயரை மறைத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதம் அவர் பெயரோடு மேசைக்கு மேசை போயிற்று. 2003 நவம்பர் 27-ல் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் வழிப்பறிக்காரர்கள் என்று சொல்லி 2010-ல் மூவருக்குத் தண்டனை விதித்தார்கள். அது எப்படியானாலும், மறைத்து வையுங்கள் என்று கேட்டவருடைய பெயரை மறைத்து வைக்க இந்தப் பெரிய சர்க்காருக்கு முடியவில்லை என்பது மாத்திரம் நிச்சயம். தாழ்த்தப்பட்டோர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், சாட்சிகளின் பெயரையும் விலாசத்தையும் மறைத்து வைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எளியவனுக்கு மறைப்பு ஒரு கேடயம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது, நம் நாட்டில் எண்ணை மறைக்கும் வசதி யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். சாதாரண ஜனங்கள் கேட்டவுடன் கொடுப்பதில்லை. தீர விசாரித்த பிறகே கொடுக்கிறார்கள். உளவு இலாகாவினருக்கும் மிகப் பெரிய மனிதர்களுக்கும் அது உண்டு. உளவாளிக்கு இருப்பதில் நியாயம் உண்டென்று வைத்துக்கொள்வோம். பெரிய மனிதருக்கு எதற்கு? அவரைச் சுற்றிப் போலீஸ் இருக்கிறது. வாசலில் காவல் இருக்கிறது. புருஷனுக்குப் பயந்தவளுக்கும், குவாரிக்காரனுக்குப் பயந்தவனுக்கும் என்ன இருக்கிறது?

இதோடு நில்லாமல், எண்ணை மாத்திரமல்ல, கூப்பிடுகிறவருடைய பெயரையும் காட்ட வேண்டும் என்று ‘டிராய்’ 2024 பிப்ரவரியில் சிபாரிசு செய்தது. கேட்டவர்க்கு மாத்திரம் என்று முதலில் சொன்னதை, எல்லோருக்கும் தானாகவே என்று ஆக்குவதற்கு 2025 அக்டோபரில் சம்மதித்தது. மோசக்காரரைத் தடுக்க என்று காரணம் சொல்லுகிறார்கள். நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் எண் மறைக்கும் வசதி பெற்றவர்களின் பெயர் இந்த ஏற்பாட்டிலும் காட்டப்படமாட்டாது. எல்லாத் திரையையும் விலக்கப் புறப்பட்டவர்கள் பெரியவர் வீட்டுத் திரையைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

பெயர் என்றால் நம் நாட்டில் வெறும் பெயரா? அதில் மதம் தெரியும். பல மாகாணங்களில் ஜாதியும் ஒட்டிக்கொண்டு வரும். ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டொழிக்க வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தது சும்மாவா? வாடகைக்கு வீடு கேட்டுக் கூப்பிடுகிறவன் வாய் திறக்குமுன்பே அவன் பெயரைப் பார்த்து ‘வீடு காலியில்லை’ என்று சொல்ல இது ஒரு வழியாகிவிடாதா? கடைக்கு ஒரு தரம் போன் செய்த பெண்ணின் பெயர் அங்கே நிற்கிறவனுக்கெல்லாம் தெரிய வேண்டுமா? அன்றியும், நம் கிராமங்களில் சிம் அப்பன் பெயரில் இருக்கும். பேசுவது மகளாக இருப்பாள். ஆகவே திரையில் தோன்றும் பெயரும் ஆளுக்கு அத்தாட்சியாகாது.

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பாருங்கள். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசன் தன் பெயரால் ஒன்றும் தன் மனைவியர் இருவர் பெயரால் இரண்டுமாக மூன்று கோயில் கட்டி, அதைக் கல்லில் வெட்டி வைத்தான். ஆயிரம் வருஷமாகியும் அந்தப் பெயர்கள் நிற்கின்றன. கல் சுமந்தவன் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பெயரைக் காட்டினால் பெருமை வரும்போது அது பெரியவனுக்கு மாத்திரம். பெயரைக் காட்டினால் ஆபத்து வரும்போது அது எளியவனுக்கு மாத்திரம். அன்றைக்கும் இதுதான் நியாயம். இன்றைக்கும் இதுதான் நியாயமா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். அதிகாரம் உள்ளவன் காட்ட வேண்டும். அதிகாரம் இல்லாதவனுக்கு மறைக்க உரிமை வேண்டும். உத்தியோகஸ்தன், வங்கிக்காரன், கடன் வசூலிக்கிறவன், விளம்பரக்காரன் எவனும் எண்ணை மறைத்து ஜனங்களைக் கூப்பிடக்கூடாது. வங்கி முதலியவற்றுக்கு 1600 என்றும், விளம்பரத்துக்கு 140 என்றும் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருப்பது நல்ல காரியம். அதைக் கண்டிப்பாக நடத்த வேண்டும். கொடுமைக்குத் தப்பி வந்த பெண்ணுக்கும், ஊழலையும் வன்கொடுமையையும் வெளியிடுகிறவனுக்கும் எண்ணையும் பெயரையும் மறைத்துக்கொள்ளும் வசதி கேட்டவுடன் கிடைக்க வேண்டும். பொய் எண் காட்டுகிறவன் எவனானாலும் தண்டிக்கப்பட வேண்டும்.

தோழர்களே! சர்க்கார் செய்யும் வரை காத்திருக்காமல் நாம் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. யார் பேசினாலும், எந்த எண் தெரிந்தாலும், எந்தப் பெயர் தோன்றினாலும் அதை அத்தாட்சி என்று நம்பாதீர்கள். ‘போலீஸ்’ என்று சொன்னால் போனை வைத்துவிட்டு, அந்த ஸ்டேஷன் எண்ணை நீங்களே விசாரித்துத் திரும்பக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். ‘நீ யார்? உனக்கு என்ன அதிகாரம்? அதற்கு என்ன ருசு?’ என்ற மூன்று கேள்வியையும் உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கத் துணிந்தவனிடம் போனில் வரும் அசரீரியும் பலிக்காது. புராணத்தில் வரும் அசரீரியும் பலிக்காது.