ஒருதலைக் காதலும் பதில் கேளாப் பாட்டும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 6,200 அடி. நானுஓயாவைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் கோச்சி இங்கே மூச்சு வாங்க ஏறி நின்று, அப்பால் ஒரு சுரங்கத்துள் புகுந்து ஒஹியாவை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. நண்பகலிலும் மூடுபனி சூழும் ஊர் இது. எதிர்ச் சரிவில் நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் அவர் பாடினால் காதில் விழும். முகம் எட்டாத இடத்திற்குக் குரல் எட்டுகின்ற இத்தகைய மலைகளில், மறுமொழி பெறாத காதலைப் பற்றிய பாடல்களுக்குத் தனிச் செல்வாக்கு இருப்பதில் வியப்பில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. குடும்பப் பகுதியில் காதலைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று பெரியவர்கள் புருவத்தை நெரிக்க வேண்டா. குடும்பங்களுக்குள் வெளியே சொல்லப்படாமல் கிடக்கும் துயரங்களுள் இதுவும் ஒன்று. மேலும், இதனைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள் இன்று நாம் அல்லோம். பாட்டும் படமும் தொலைக்காட்சியுமே சொல்லி வருகின்றன. அந்த ஆசிரியர்கள் என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்ப்பது நம் கடமையன்றோ?

நம் முன்னோர் இந்த உணர்ச்சியை மறைக்கவில்லை; இகழவுமில்லை. அதற்குக் கைக்கிளை என்று பெயரிட்டார்கள். கை என்பது சிறுமை, கிளை என்பது உறவு என உரைகாரர் பொருள் கூறுவர். தொல்காப்பியம் அகத்திணைகளை ஏழாக வகுத்து, முதலிடத்தில் கைக்கிளையையும் இறுதியில் பெருந்திணையையும் நிறுத்தி, இரு மனமும் ஒன்றிய அன்பின் ஐந்திணையை நடுவே வைத்தது. கைக்கிளைக்கு அந்நூல் கூறும் இலக்கணம் நுட்பமானது. காதலிப்பவன் தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பெறமாட்டான். பெறாத நிலையிலும், தான் சொல்வதிலேயே இன்பம் கொண்டு அமைந்து நிற்பான். அவ்வளவே. அவன் துரத்துவதுமில்லை, மிரட்டுவதுமில்லை. பெருந்திணைக்கு உரியவையாக அந்நூல் எண்ணும் நான்கனுள் கடைசியோ, அளவிறந்த காமத்தால் வலிமை காட்டுதல். இரண்டும் ஒருதலையாகத் தோன்றலாம். ஆயினும் அன்பு எங்கே முடிகிறது, வன்மை எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டை நம் இலக்கணம் அன்றே கிழித்துவிட்டது.

இலக்கணத்திற்கு இலக்கியம் காட்டுவோம். பெருங்கோழிநாயகன் மகள் நக்கண்ணையார் என்னும் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மீது கொண்ட காதலைப் பாடியவர். புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்கள் அவருடையவை. மூன்றும் கைக்கிளைத் திணையைச் சேர்ந்தவை. ஒருபுறம் தாய்க்கு அஞ்சியும், மறுபுறம் அவைக்கு நாணியும், நடுவே நின்று நெஞ்சம் நடுங்கும் ஒரு பெண்ணை அங்கே காண்கிறோம். அவன் திரும்பிப் பார்த்தான் என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பாடல்களில் பழி இல்லை, சாபமும் இல்லை. அரசனின் வெற்றிகளை வரலாறு பெரும்பாலும் மறந்துவிட்டது. அவனை விரும்பிய பெண்ணின் மூன்று பாடல்களோ அவன் பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றன.

முத்தொள்ளாயிரம் என்னும் பழைய நூலிலும் சேர சோழ பாண்டியர் உலா வரும்போது மனத்தைப் பறிகொடுக்கும் பெண்களைப் பலவாகப் பார்க்கிறோம். தாயர் கதவை அடைக்கவும் மகளிர் திறக்கவும், அடைத்தும் திறந்தும் கதவின் குடுமியே தேய்ந்து போயிற்றாம்! நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் இதில் பெற்றோருக்கு ஒரு படிப்பினை உண்டு. பூட்டினால் தேய்வது கதவேயன்றிக் காதல் அன்று.

ஏட்டுத் தமிழ் இவ்வாறு சொல்லிற்று என்றால், ஏடறியாத மலைநாட்டு மக்களும் இதே உண்மையை ஆடிக் காட்டி வந்துள்ளனர். தோட்டங்களில் மாசி மாதத்தில் நடைபெறும் காமன் கூத்தை அறியாதவர் இப்பக்கங்களில் குறைவு. காமன் பொட்டலில் காமன் நட்டு, தப்பு முழங்க, இரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவார்கள். கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்திருந்த சிவபெருமானின் நெஞ்சில் காதலை எழுப்பத் தேவர்கள் மன்மதனை ஏவினர். அவன் மலரம்பு தொடுத்தான், நெற்றிக்கண் திறந்தது, மதன் சாம்பலானான். இரதியின் புலம்பலைக் கேட்டுக் கூட்டம் கண்ணீர் விடும். இக்கதைக்குச் சமயப் பெரியோர் கூறும் தத்துவம் வேறாக இருக்கலாம். நமக்கு அதில் தெரிவது ஒன்றே: விரும்பாத நெஞ்சின் மீது எய்தால், மலரம்பும் அம்புதான்.

லயத்து மக்களுக்கு வெளியுலகின் காதற்பாட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தது வானொலி. 1950களில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு இந்நாட்டில் மட்டுமன்றித் தென்னிந்தியாவிலும் வீடு வீடாகக் கேட்கப்பட்டது. மயில்வாகனனின் குரல் கடல் கடந்து புகழ் பெற்றது. நேயர்கள் தபாலட்டையில் எழுதிக் கேட்ட பாடல்கள் அவர்களின் பெயர்களோடு ஒலித்தன. ஊர் முழுவதும் கேட்கும் பாட்டின் உட்பொருள் ஒருவருக்கு மட்டும் விளங்கும். விளங்கியவர் மறுமொழி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தொல்காப்பியர் காட்டிய கைக்கிளைக்கு இதைவிட ஏற்ற வாகனம் கிடைக்குமா?

திரைப்படங்களும் தொடக்கத்தில் இந்தப் பண்பைப் பேணின. 1959இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த 'கல்யாணப் பரிசு' படத்தில், தங்கை ஒருவனை நேசிக்கிறாள். அதை அறியாத அக்காளும் அவனையே விரும்புகிறாள். தங்கை விட்டுக்கொடுக்கிறாள், அக்காள் மணக்கிறாள். ஆனால் அந்த மணவாழ்க்கை மலர்ந்ததா? கணவனின் கை கிடைத்தது; மனம் கிடைக்கவில்லை. பரிசாக எதை எதையோ கொடுக்கலாம், காதலைக் கொடுக்க முடியாது என்பதை ஏ. எம். ராஜாவின் இனிய இசையோடு அந்தப் படம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லிற்று. 1980இல் 'ஒருதலை ராகம்' பெயரிலேயே இப்பொருளைச் சூடிக்கொண்டு வந்தது. 1991இல் வந்த 'இதயம்' படத்தின் நாயகன், நெஞ்சில் உள்ளதைச் சொல்லத் துணியாமலே காலத்தைக் கழிக்கும் மருத்துவ மாணவன். இவர்கள் பேசாமல் வருந்தியது அறிவுடைமையா என்று கேட்கலாம். ஆனால் எவரையும் வருத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவற்றோடு கூடவே வேறொரு வகைப் படமும் வளர்ந்தது. அதில் பெண் 'வேண்டாம்' என்பாள்; நாயகன் சிரிப்பான். அவள் செல்லும் பேருந்தில் ஏறுவான். வழியை மறித்துப் பாடுவான். தோழர் கூட்டம் கைதட்டும். இடைவேளைக்குப் பிறகு அவள் மனம் மாறிவிடுவாள். மறுப்பு என்பது சம்மதத்தின் முதற்படி என்பதே அப்படங்கள் நடத்தும் பாடம். இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. இன்று அந்தத் திரை வழியே தமிழ்நாட்டுத் தொடர்நாடகங்களும் நம் இல்லங்களுக்குள் புகுந்துள்ளன. அவற்றில் இன்னொரு விந்தையைக் காண்கிறோம். ஒருதலையாகக் காதலிப்பவன் ஆணாயின் தியாகி, பெண்ணாயின் சூழ்ச்சிக்காரி! நக்கண்ணையார் இன்று பிறந்திருந்தால், தொடர்நாடகக்காரர்கள் அவர் கையில் எழுத்தாணிக்குப் பதிலாக நச்சுக் கிண்ணத்தை அல்லவா கொடுத்திருப்பார்கள்?

கைக்கிளை பெருந்திணையாக மாறி, அதுவே வீரமாகக் கொண்டாடப்படும்போது, அதற்குரிய விலையைத் திரைப்பட முதலாளி செலுத்துவதில்லை. கொழுந்து மலைக்கும் தையற்கூடத்திற்கும் பள்ளிக்கும் நடந்து செல்லும் பெண்ணே செலுத்துகிறாள். ஒருவன் பின்தொடர்கிறான் என்று வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, சொல்லாமலே குன்றிப் போகும் பிள்ளைகள் உண்டு. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொல்லை தருவது இந்நாட்டில் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 1995இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அது. சட்டம் இருப்பதைப் பெண்கள் அறிதல் நன்று. மகள் சொல்வதை நம்பும் தாய் தந்தையர் இருத்தல் அதனினும் நன்று.

இனி, மறுக்கப்பட்டவனின் துயரத்தையும் நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அவன் வலி பொய்யன்று. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை விகிதம் உலகில் மிக உயர்ந்திருந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் சில தடைசெய்யப்பட்ட பின்னர் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இதிலிருந்து அறிய வேண்டுவது யாது? உயிர் வேண்டாம் என்று தோன்றும் வேளை பெரும்பாலும் ஒரு பேரலை போன்றது. அந்த வேளை கடந்துவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். ஆகவே சோர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, 'இதற்கெல்லாமா அழுவது?' என்று ஏளனம் செய்யாதீர்கள். பக்கத்தில் அமருங்கள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிடில் அவனுடன் சேர்ந்து பாட்டைக் கேளுங்கள். துயரம் மிகுந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டா.

இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. நெஞ்சில் அன்பு எழுந்தால் மரியாதையோடு ஒருமுறை சொல்லுங்கள். இல்லை என்ற சொல் வந்தால், அதை முழுச் சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள். அச்சொல்லைக் கூறும் பெண்களுக்கும் ஒன்று: தெளிவாகக் கூறுங்கள், அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கொழுந்து மலைகளில் எத்தனையோ தலைமுறையாகப் பாடப்பட்ட காதற்பாட்டுகளைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்து வைத்தார்கள். அவற்றைப் பாடியவர் யார், யாரை நினைந்து பாடினார் என்பது எவருக்கும் தெரியாது. மறுமொழி வந்ததா என்பதும் தெரியாது. அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் நேரவில்லை. அன்பு தன்னளவில் நிறைந்ததாக இருந்தால், மறுமொழி வராவிட்டாலும் அது வீணாவதில்லை. மறுமொழியை வற்புறுத்தினாலோ, அந்தக் கணமே அது அன்பாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.