முழு வேலைக்கு முக்கால் சம்பளம்கூட இல்லை

அமெரிக்காவில் டிரம்ப் அரசு ஆராய்ச்சி நிதியில் கைவைத்ததும், அங்கிருந்து கிளம்ப நினைக்கும் விஞ்ஞானிகளை வரவேற்க ஜெர்மனியும் முன்வந்தது. உலகெங்குமிருந்து ஆயிரம் ஆராய்ச்சியாளர்களைக் கொண்டுவரும் திட்டத்தை 2025-ல் ஆய்வுத் துறை அமைச்சர் டோரதே பேர் அறிவித்தார். ஏற்கெனவே அந்நாட்டு ஆய்வகங்களில் உழைப்பவர்களின் நிலை தெரிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பு எரிச்சலைத்தான் தரும்.

ஒரு பிஎச்.டி. ஆய்வாளரின் ஒப்பந்தத்தைப் பார்ப்போம். ‘டிவி-எல் இ13’ என்பது ஊதிய நிலை. முழுநேர வேலைக்குத் தொடக்கச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன், 2025-ல் மாதம் சுமார் 4,600 யூரோ. ஆனால் உயிரியல், வேதியியல் ஆய்வகங்களில் முழுநேரப் பணியிடம் எளிதில் கிடைக்காது. 65 சதவீதம் என்பதே பரவலான வழக்கம். 50 சதவீதமும் உண்டு. 65 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3,000 யூரோ, வாரத்துக்குச் சுமார் 26 மணி நேரம்.

வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களுக்கு இந்த 26 மணி நேரம் தெரியாது. ஊட்டத் திரவம் இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகிவிட்டால், அன்று ஞாயிற்றுக்கிழமையே ஆனாலும் ஆள் வந்தாக வேண்டும். இன்குபேட்டரைத் திறந்து தட்டை எடுத்து, பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டு, 37 டிகிரிக்குச் சூடாக்கிய புதியதை விட வேண்டும். மீதி 35 சதவீத உழைப்புக்குக் கூலி கிடையாது.

கணினி அறிவியல் துறைக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே பிஎச்.டி. ஆய்வாளருக்குப் பெரும்பாலும் 100 சதவீதம். பட்டமும் அதே, ஊதிய நிலையும் அதே. முழுச் சம்பளம் தராவிட்டால் நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம்தான் காரணம். உயிரியல்காரருக்கு அப்படிப் போக இடமில்லை; அதனால் அவர் வயிற்றில் அடிக்கிறார்கள். இதில் கல்விக் கொள்கை எங்கே இருக்கிறது?

“பிஎச்.டி. என்பது படிப்புதானே” என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆய்வகத்தின் கட்டுரைகளுக்கான சோதனைகளைச் செய்வது யார் என்று பார்த்தால் போதும். மனம் வைத்தால் மாற்ற முடியும் என்பதற்கும் சான்று உண்டு: மாக்ஸ் பிளாங்க் கழகம் 2015-ல் உதவித்தொகை முறையைக் கைவிட்டு, பிஎச்.டி. ஆய்வாளர்களுக்குச் சமூகக் காப்பீட்டுடன் கூடிய ஒப்பந்தம் தர முடிவெடுத்தது.

சட்டமோ இன்னும் மோசம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு தற்காலிக வேலையில் வைத்திருக்கலாம். பேராசிரியராகாத, 45 வயதுக்கு உட்பட்ட ஆய்வாளர்களில் 92 சதவீதத்தினர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பதாக 2021-ல் வெளியான தேசிய அறிக்கையே சொன்னது. நூற்றுக்கு 92! வேறெந்தத் தொழிலில் இதைப் பொறுத்துக்கொள்வார்கள்? அதே ஆண்டு, இந்தச் சட்டத்தை நியாயப்படுத்திய அமைச்சகக் காணொளியில் வந்த ஹன்னா என்ற கற்பனை ஆய்வாளரின் பெயரால், ‘நான் ஹன்னா’ என்று ஆயிரக்கணக்கானோர் கொதித்தெழுந்தார்கள். 2024-ல் அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்தம், நவம்பரில் கூட்டணி கவிழ்ந்ததும் நாதியற்றுப் போனது.

வெளிநாட்டவருக்கு இடி இரட்டிப்பு. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே இப்போது முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,000 பேருக்கு மேல். அவர்களில் பிஎச்.டி.க்குத் தொடர்பவரின் குடியிருப்பு அனுமதி பெரும்பாலும் ஒப்பந்தக் காலத்தை ஒட்டியே அமைகிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைப்பவரும் கைடுதான், ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடுபவரும் பெரும்பாலும் அவரேதான். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி யார் வாய் திறப்பார்?

2026 நடுப்பகுதிக்குள் சட்டத்தைத் திருத்துவோம் என்று இன்றைய கூட்டணி எழுதிக் கொடுத்திருக்கிறது. பிஎச்.டி. ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு, எல்லாத் துறைக்கும் 100 சதவீதச் சம்பளம் என்று அதில் வர வேண்டும். வராவிட்டால் அழைக்கப்படும் அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட அங்கே நிலைக்க மாட்டார்.