'அரிய வகை' கமடோரும் ஏலக்கடை வியாபாரிகளும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன், வயித்தெரிச்சல் இழுத்துட்டு வந்துடுச்சு. எங்கயாவது கொட்டித் தீர்க்கணும். நீங்கதான் மாட்டினீங்க :-)

விஷயம் இதுதான். ஒரு ஏலத்தளத்துல கமடோர் 64 பொட்டி ஒண்ணு எடுத்தேன். 240 டாலர். தபால் செலவு தனி. படத்துல நீலத் திரை, '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ'ன்னு அழகா தெரிஞ்சுது. கீழே பொடி எழுத்துல 'மேற்கொண்டு சோதிக்கவில்லை, உள்ளது உள்ளபடி' அப்படின்னு ஒரு வரி. நான் அந்த வரியை வாசிக்கத்தான் செஞ்சேன். ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

பொட்டி வந்துது. போட்டேன், நீலத் திரை வந்துது. அப்பாடான்னு 54296-ல 15 போக் பண்ணி வால்யூமைக் கூட்டி, ஒரு சின்ன ஸ்வரம் வாசிக்கப் பார்த்தேன். கப்சிப். திருகாணியைக் கழட்டிப் பார்த்தா, சிட் சிப் இருக்கவேண்டிய சாக்கெட் பொக்கை வாய் மாதிரி காலியா இருக்கு. சரி, இந்த ஆசாமி வேற என்னதான் விக்கிறாருன்னு அவரோட பக்கத்துக்குப் போனேன். 'வேலை செய்யும் பொட்டியிலிருந்து எடுத்தது, மிக அரியது' என்ற தலைப்போட ஒரு சிட் சிப். 75 டாலர். அவ்வ்வ்வ்...

அது என் பொட்டியோடதுதானான்னு சத்தியம் பண்ண முடியாது. கேட்டு எழுதினதுக்கு, 'படத்தில் உள்ளதுதான் உங்களுக்கு அனுப்பப்பட்டது'ன்னு பதில் வந்துது. சட்டப்படி பார்த்தா அவர் ஒரு பொய்கூட சொல்லலை. சிட் இல்லாமலும் கமடோர் நீலத் திரை காட்டும். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனா ஏலம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது அதெல்லாம் எங்கே ஞாபகம் வருது?

"உனக்கு எதுக்குய்யா இந்த வேலை, நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பெனி திவாலாயிடுச்சே"ன்னு கேப்பீங்க. உண்மைதான். கமடோர் மூடினது 1994-ல. இது மலரும் நினைவுகள் கேஸ் இல்லை. காலேஜ்ல 8085 லேப்ல அந்த ட்ரெய்னர் கிட்ல ஹெக்ஸ் கோட் தட்டி, ரெண்டு எண்ணைக் கூட்டி விடை வந்தப்போ ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் எந்த ப்ரேம்வொர்க்கும் அதைக் கொடுக்கலை. ஒரு முழுக் கம்ப்யூட்டரை ஒரே மனுஷன் தலைக்குள்ள வெச்சுக்க முடியும்னு காட்டுற பொட்டி அது. அதைக் கையால தொட்டுப் பாக்கணும்னு ஆசை. அவ்ளோதான்.

இனி சண்டைக்கு வரேன்.

முதல்ல அந்த 'அரிய' என்ற வார்த்தை. 1976-ல ஆப்பிள்-1 சுமார் 200தான் செஞ்சாங்க. அதுல ஒண்ணை 2014-ல ஹென்றி ஃபோர்ட் மியூசியம் 9,05,000 டாலர் கொடுத்து எடுத்தாங்க. சரி, அது அரிது, ஒத்துக்கறேன். 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ 5 6000 கார்டு கடைக்கே வரலை, மாதிரிக்குச் செஞ்சது மட்டும்தான் உலகத்துல இருக்கு. 2023-ல ஒண்ணு 15,000 டாலருக்குப் போச்சு. அதையும் ஒத்துக்கறேன். ஆனா கமடோர் 64? குறைச்சு மதிப்பிட்டாலும் ஒரு கோடிக்கு மேல வித்த பொட்டி சாமி! ஒரு கோடி இருக்கிற சாமானை 'அரிய வகை'ன்னு சொன்னா, தெருவுல நிக்கிற டிவிஎஸ் 50யும் அரிய வகைதான்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பொட்டி பிறந்ததே மலிவா இருக்கணும்னுதான். 1982-ல 595 டாலருக்கு வந்துது. அடுத்த வருஷமே 200 பக்கத்துல இறக்கிட்டாங்க. கம்ப்யூட்டர் பணக்காரங்களுக்கு இல்லை, எல்லா ஜனத்துக்கும்னு சொல்லிச் சொல்லியே வித்தவர் ஜாக் ட்ராமியல். அந்த விலைச் சண்டையில தாக்குப் பிடிக்க முடியாம டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1983-ல வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலையே விட்டுட்டுப் போனாங்க. அப்பேர்ப்பட்ட பொட்டியைத்தான் இன்னிக்கு கண்ணாடி அலமாரிக்குள்ள வைக்கிற விலைக்கு விக்கிறாங்க.

விலை எப்படி ஏறுதுன்னு பார்த்தா, ஏலம் மேல முழுப் பழியும் போட முடியாது. ஈபே ஏலத்துல நான் 200 வரைக்கும் போவேன்னு போட்டு வெச்சா, எதிராளி 90-ல நின்னுட்டா, எனக்கு 91-க்கே முடிஞ்சுடும். நியாயமான ஏற்பாடுதான். பிரச்சனை 'உடனே வாங்கு'ல இருக்கு. ஒருத்தர் வாய்க்கு வந்தபடி 450-ன்னு போடுவார். அது மாசக்கணக்கா போணியாகாம கிடக்கும். பரண்ல ஒரு பொட்டியைக் கண்டெடுத்த அடுத்த ஆள் 'மார்க்கெட் விலை' என்னன்னு தேடுவார், கண்ணுல படுறது இந்த 450. 'அப்போ நான் 425-க்குத் தரேன், சல்லிசு'ம்பார். வித்த விலையை யாரும் பாக்கிறதில்லை, கேட்ட விலைதான் விலைன்னு ஆயிடுது. சரி, வித்ததை மட்டும் வடிகட்டிப் பார்ப்போம்னு போனா அங்கேயும் ஒரு கூத்து. பேரம் பேசி முடிச்ச சாமானுக்குக் கேட்ட விலை மேல ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க. உண்மையில எவ்வளவுக்குப் படிஞ்சுதுன்னு காட்ட மாட்டாங்க. 180-க்குப் படிஞ்சது பாக்கிறவன் மனசுல 400-ன்னு பதியும்.

இதுகூடப் பொறுத்துக்கலாங்க. என்னால பொறுக்க முடியாதது கூறு போட்டு விக்கிறது. கோழிக்கடையில லெக் பீஸ் தனி, ஈரல் தனின்னு விக்கிற மாதிரி. பாப் யான்னஸ் வடிவமைச்ச அந்த சிட் சிப்போட சத்தம் வேற எதுலயும் வராதுன்னு சிந்தசைசர் ஆளுங்க தேடித் தேடி வாங்கறாங்க. 1999-ல வந்த சிட்ஸ்டேஷனுக்குள்ளேயே நிஜ சிட் சிப்தான் இருந்துது. புதுசா அந்தச் சிப்பைத் தயாரிக்க ஆள் கிடையாது. அப்போ எங்கேருந்து வரும்? நல்லா ஓடிட்டிருக்கிற கமடோர் வயித்தைக் கிழிச்சுத்தான் வரும். ஐபிஎம் 3278 டெர்மினலுக்கும் இதே கதி. கீபோர்டு பித்தர்களுக்காகக் கீபோர்டை உருவிக்கிட்டு, மிச்சத்தை அநாதையா விட்டுடுவாங்க. பென்டியம் ப்ரோ பாடு இன்னும் மோசம், அதுல இருக்கிற தங்கத்துக்காக எடை போட்டு உருக்குறாங்க. செத்த பொட்டிக்கு உயிரோட இருக்கிற பொட்டியைவிட விலை அதிகம்னு ஆனப்புறம் எந்த வியாபாரி உயிரோட விடுவான்?

போலி வேற இருக்கு. வேற ஏதோ சிப்பைத் தேய்ச்சு, மேல 6581-ன்னு அச்சடிச்சு விக்கிறவங்க ஏராளம். அசலே கிடைச்சாலும் நீங்க முழிச்சுக்கிட்டு இருக்கணும். 6581-க்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட். மாத்திச் சொருகினா சங்குதான். அப்புறம் 'சும்மா பவர் போட்டுப் பார்த்தேன், லைட் எரியுது'ன்னு எழுதுவாங்களே, அதைப் பார்த்தாலே பகீர்ங்குது. கமடோரோட பழைய பவர் சப்ளை வயசாகி பழுதானா 5 வோல்ட்டுக்கு மேல தள்ளி மெமரி சிப்பையெல்லாம் சுட்டுடும். லைட் எரியுதான்னு பார்க்கப்போய் ஒரு பொட்டியையே எரிச்சவங்க எத்தனை பேரோ.

"விலை ஏறினதாலதானே குப்பைக்குப் போகாம தப்பிச்சுது"ன்னு ஒரு வாதம் வரும். இதுல நியாயம் இருக்கு, மறுக்கலை. காசு வரும்னு தெரிஞ்சதும்தான் நிறைய பேர் பரணை நோண்டினாங்க. ஆனா குப்பையிலிருந்து தப்பிச்சது கூறு போடத்தானா? அதே மாதிரி "உனக்கென்ன, எமுலேட்டர் போட்டு ஆடு, பழசை விடு"ன்னு ஒரு வாதம். போட்டிருக்கேன், வைஸ் அருமையா ஓடுது. கமடோர் பேரை வாங்கின புதுக் கம்பெனி 2025-ல எஃப்பிஜிஏ வெச்சு புதுப் பொட்டியையே அறிவிச்சாங்க, 299 டாலர்லேர்ந்து. வாரண்டியோட புதுசு அந்த விலைன்னா, காது கேக்காத பழசுக்கு 240 கொடுத்த நான் யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஆமாம் மக்களே, வியாபாரியை மட்டும் திட்டிட்டு நான் நல்லவனாயிட முடியாது. அன்னிக்கு ராத்திரி 180-ல நின்ன ஏலத்தை 240-க்கு இழுத்துட்டுப் போன ரெண்டு பைத்தியத்துல ஒண்ணு நான்தான். அடுத்து பரண்ல கண்டெடுக்கிறவர் என் 240-ஐப் பார்த்துத்தான் விலை போடப்போறார்.

கூட இருக்கிற ரூம்மேட்டும் ஒரு பொட்டி தட்டுற ஆள்தான், ஆனா இதுல துளி ஆர்வம் கிடையாது. நான் தலையில கை வெச்சு உக்கார்ந்திருந்தப்போ பக்கத்துல வந்து எட்டிப் பார்த்தான்.

"மாப்ள, இதுல வேற என்னல்லாம் நல்லா இருக்கு?"

"விக் சிப் இருக்கு, சிபியூ இருக்கு, ரெண்டு சியா சிப், ரோம், கீபோர்டு எல்லாம் நல்லா இருக்குடா."

அவன் என் லேப்டாப்லயே ஒவ்வொண்ணா விலை பார்த்தான். கூட்டிப் பார்த்தா 300-ஐத் தாண்டுது.

"அப்புறம் என்ன மச்சான், பிரிச்சு வித்துடு. போட்ட காசும் வரும், மேல ஒரு பிரியாணிக்கும் ஆகும்."

நான் அவனைத் திட்டலை. விக் சிப்பை மட்டும் கழட்டாமலே ஒரு போட்டோ எடுத்தேன். விவரமும் தட்டினேன். தலைப்புல கை தானா 'அரிய'ன்னு ஆரம்பிச்சுது. அங்கேயே நிறுத்திட்டேன்.

இப்போ சிட்டுக்குப் பதிலா ஆர்ம்சிட்னு ஒரு நகல் சிப் சொருகியிருக்கேன். சத்தம் வருது, பழகிக்கலாம். அந்த விளம்பரம் இன்னும் ட்ராஃப்ட்லதான் கிடக்கு. இதை முடிச்சுட்டுப் போய் முதல்ல அதை அழிக்கணும்.