பிறர் பணத்தின் காவலர்

உலகத்தில் இரண்டு வகை மனிதரைப் பற்றி ஜனங்களுக்கு எப்பொழுதுமே சிறிது அவநம்பிக்கை உண்டு. ஒருவர், பிறர் பணத்தை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவர். மற்றொருவர், பிள்ளைகுட்டிகள் ஏற்பட்ட பின்னும் மட்டையும் பந்துமாகக் கிளம்பிவிடுகிறவர். இவ்விரண்டு காரியங்களையும் ஒருங்கே செய்துவிட்டு, ஊராரின் நன்மதிப்போடு 89 வயது வரையில் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரை இந்த வாரம் நினைவு கூர்வோம்.

ஜான் போகிள் என்னும் அந்த அமெரிக்கர் 1929-ஆம் வருஷம் மே மாதம் நியூ ஜெர்ஸியில் பிறந்தார். அவர் தொட்டிலில் கிடந்தபோதே நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. குடும்பத்தின் ஆஸ்தியும் அதனுடன் கரைந்தது. உபகாரச் சம்பளம் பெற்றும், பள்ளியின் போஜன சாலையில் பரிமாறியும் படித்தார். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் 1951-ல் பட்டம் பெறுவதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை பரஸ்பர நிதிகளைப் பற்றியது. பலர் சிறுகச் சிறுகப் போடும் பணத்தை ஒன்று திரட்டி, நிபுணர்களைக் கொண்டு பங்குகள் வாங்கி நடத்தும் ஏற்பாட்டுக்குத்தான் பரஸ்பர நிதி என்று பெயர். அந்தக் கட்டுரையின் பலனாக பிலடெல்பியாவிலிருந்த வெல்லிங்டன் நிர்வாகக் கம்பெனியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது.

அங்கே மளமளவென்று உயர்ந்து தலைவரும் ஆனார். பிறகுதான் சறுக்கல். வேகமாக லாபம் காட்டிய பாஸ்டன் நகரத்து இளைஞர் சிலருடன் கம்பெனியைக் கூட்டுச் சேர்த்தார். மார்க்கெட் இறங்கிய காலத்தில் அந்தக் கூட்டாளிகளே ஒன்று சேர்ந்து 1974-ஆம் வருஷம் ஜனவரியில் அவரை வெளியேற்றி விட்டார்கள். அந்தக் கூட்டு தாம் செய்த பெரும் பிழை என்று போகிள் பின்னாளில் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார்.

வீழ்ந்த இடத்திலிருந்தே அவர் எழுந்த விதம் கவனிக்கத் தக்கது. அதே வருஷம் செப்டம்பரில் 'வான்கார்ட்' என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். 1798-ல் நைல் நதி முகத்துவாரப் போரில் நெல்ஸன் செலுத்திய கப்பலின் பெயர் அது. பெயரைக் காட்டிலும் அதன் அமைப்பு விசேஷமானது. அதற்குத் தனி முதலாளி கிடையாது. நிதிகளுக்கே ஸ்தாபனம் சொந்தம். நிதிகளோ பணம் போட்டவர்களுக்குச் சொந்தம். ஆகவே முதலாளிக்கென்று எடுத்து வைக்க வேண்டிய லாபம் என்று ஒன்று இல்லை. மிச்சமாவதெல்லாம் குறைந்த கட்டணமாகப் பணம் போட்டவருக்கே திரும்பிவிடும்.

1976-ஆம் வருஷம் ஆகஸ்டில் இன்னும் துணிந்த ஒரு காரியத்தைச் செய்தார். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று ஆரூடம் பார்ப்பதை விட்டுவிட்டு, அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகள் அடங்கிய குறியீட்டு அட்டவணையை அப்படியே பின்பற்றும் நிதி ஒன்றைச் சாமானிய மக்களுக்காகத் தொடங்கினார். 15 கோடி டாலர் சேருமென்று எதிர்பார்த்தார்கள். சேர்ந்தது 1 கோடியே 13 லட்சந்தான். தொழில் வட்டாரத்தார் அதற்குப் 'போகிளின் பைத்தியக்காரத்தனம்' என்று நாமகரணம் செய்தார்கள். சராசரியோடு திருப்தியடைவது அமெரிக்கப் பண்புக்கே விரோதம் என்றும் சிலர் கண்டித்தார்கள்.

இங்கேதான் விளையாட்டு நம் கதைக்குள் புகுகிறது. சார்லஸ் எல்லிஸ் என்பவர் 1975-ல் எழுதிய கட்டுரை ஒன்று போகிளின் மனத்தில் பதிந்திருந்தது. டென்னிஸில் தேர்ந்த ஆட்டக்காரர் சாமர்த்தியமான அடியினால் ஜயிக்கிறார். சாதாரண ஆட்டக்காரர்களின் பந்தயத்திலோ தவறு குறைவாகச் செய்தவர் ஜயிக்கிறார். முதலீடு இந்த இரண்டாவது வகை ஆட்டமாகிவிட்டது என்பது எல்லிஸின் வாதம். தாமே டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடிய போகிளுக்கு இது எளிதில் விளங்கியது. முதலீட்டில் பெருந்தவறு எது? வருஷந்தோறும் ஓசைப்படாமல் கழிந்துகொண்டே போகும் கட்டணமே என்றார் அவர்.

கணக்கை நேயர்களே போட்டுப் பார்க்கலாம். 1,000 டாலரை நூற்றுக்கு 7 வீதம் 50 வருஷம் கூட்டு வட்டியில் வளரவிட்டால் 29,400-க்கு மேல் ஆகும். வருஷம் 2 வீதம் கட்டணத்துக்குப் போய், 5 வீதமே கைக்கு எட்டினால் 11,400-ஐச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். கேட்பதற்கு அற்பமாக இருக்கும் அந்த 2, முடிவில் பாதிக்கும் மேற்பட்ட செல்வத்தை விழுங்கி விடுகிறது!

அவருடைய சரீர வாழ்வும் இத்தகைய போராட்டமே. 1960-ல், 31-ஆம் வயதில், டென்னிஸ் ஆடும்போது முதன்முறையாக இருதய வலி கண்டது. அதற்குப் பின்னும் பல முறை வந்தது. அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. நின்றுபோன இருதயத்தை மின்சாரத்தால் எழுப்பும் கருவியை ஆடுகளத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஸ்குவாஷ் ஆடினார். பிலடெல்பியா ஆஸ்பத்திரி ஒன்றில் மாற்று இருதயத்துக்காக 128 நாள் காத்திருந்தார். 1996-ஆம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி, இறந்துபோன ஓர் இளைஞரின் இருதயம் அவருக்குப் பொருத்தப்பட்டது. முகமறியா ஒரு குடும்பம் தன் துக்கத்தின் நடுவே அளித்த அந்தத் தானத்தினால் அவர் ஏறக்குறைய 23 வருஷம் வாழ்ந்தார். ஆடுகளத்துக்கும் திரும்பினார்.

1956-ல் கைப்பிடித்த மனைவி கடைசி வரை துணையிருந்தார். ஆறு குழந்தைகள், பன்னிரண்டு பேரக் குழந்தைகள். 2019-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி அவர் காலமான சமயத்தில், வான்கார்டின் பொறுப்பில் சுமார் 5 லட்சம் கோடி டாலர் இருந்தது. இத்தொழிலில் அதைவிடச் சிறிய ஸ்தாபனங்களை வைத்திருந்தவர்கள் கோடானுகோடிக்கு அதிபதிகளாயினர். அந்த வரிசையில் போகிள் சேரவே இல்லை. வசதியாகத்தான் வாழ்ந்தார், ஆனால் பெரும் பங்கைப் பணம் போட்டவர்களிடமே விட்டுவிட்டார். 2008-ல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்கு வைத்த பெயரே 'போதும்' என்பதுதான்.

தம் சிருஷ்டியைக் கண்டு அவர் மயங்கி விடவுமில்லை. இத்தகைய நிதிகள் மிதமிஞ்சிப் பெருத்தால், நாட்டின் பெரிய கம்பெனிகளெல்லாம் ஒரு சிலரின் ஆதிக்கத்துக்குள் போய்விடும் என்று 2018-ஆம் வருஷக் கடைசியில் எச்சரித்தார். வாழ்நாள் முழுதும் வளர்த்த மரத்தின் நிழலிலும் இருட்டு உண்டு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்தியாவிலும் 2015 முதல் தொழிலாளர் சேமநல நிதியின் ஒரு பகுதி குறியீட்டைப் பின்பற்றும் நிதிகளில் போடப்பட்டு வருகிறது. ஆகவே அவருடைய 'பைத்தியக்காரத்தனம்' நம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது என்றே சொல்லலாம். நம் சேமிப்பை வாங்கிக்கொள்ள வருகிறவரிடம், "எவ்வளவு லாபம் வரும்?" என்று கேட்பது நமக்கு வழக்கம். "அதில் உமக்கு எவ்வளவு?" என்று கேட்கவும் பழகிக்கொள்வோமானால், அதுவே அந்தப் பெரியவருக்குச் செய்யத்தக்க அஞ்சலியாகும்.