எஃப்எம்-ல செய்திக்குத் தடை, பாட்காஸ்ட்ல இல்லை: ஸ்பானிஷ் வானொலிக்காரர் காட்டிய வழி தென்காசிக்குப் பொருந்துமா?

குற்றாலத்துல சீசன் வந்தாச்சுன்னா தென்காசி மாவட்டம் முழுக்க ஒரே கேள்விதான்: "மெயின் அருவில குளிக்க விடுறாங்களா?"

இதுக்கான பதிலைத் தனியார் எஃப்எம் சொல்லலாம். ஆனா எச்சரிக்கை சரியான நேரத்துக்கு வந்துச்சா, வரலைன்னா யார் பொறுப்பு என்று செய்தியாளரை அனுப்பி விசாரித்து, அதே எஃப்எம் ஒலிபரப்ப முடியாது. இந்தியாவில் தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை.

இதே வேலையை பாட்காஸ்ட்ல செய்யத் தடை இல்லை. ஸ்பானிஷ் மொழியில் ஒருவர் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார். அது எப்படி நடந்தது? தமிழில், அதுவும் தென்காசி மாதிரி ஒரு மாவட்டத்தில் நடக்குமா?

டிவி-க்கு ஒரு விதி, ரேடியோவுக்கு ஒரு விதியா?

ஆமா, அப்படித்தான். தனியார் டிவி 24 மணி நேரமும் செய்தி காட்டலாம். தனியார் எஃப்எம்-க்கு அது கிடையாது. 2011-ல் வந்த மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கை கொஞ்சம் இறங்கி வந்தது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றது. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்தடை, உள்ளூர் நிர்வாகம் தரும் பேரிடர் அறிவிப்பு ஆகியவை 'செய்தி' கணக்கில் வராது, அதையும் சொல்லலாம்.

அதாவது, அறிவிப்பை வாசிக்கலாம். அந்த அறிவிப்பைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது.

2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் வரை தனியார் எஃப்எம் செய்தி வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனா பரிந்துரை வேற, உத்தரவு வேற. முடிவெடுக்க வேண்டியது மத்திய அரசு.

இதனால் என்ன நஷ்டம்?

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதே மலைக்கு மேலே மழை பெய்யலாம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருபவருக்கு அது தெரியாது.

இப்படி ஒரு சம்பவம் நடந்தால் டிவி இரண்டு நாள் காட்டும். அப்புறம் அடுத்த செய்திக்குப் போய்விடும். எச்சரிக்கை ஏற்பாடு என்ன ஆச்சு, அடுத்த சீசனுக்கு என்ன மாறியிருக்கு என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு உள்ளூர் குரல் வேணும். நஷ்டம் அங்கதான்.

தமிழில் வானொலிக்காரர்களே இல்லையா?

இருந்தார்கள், கொண்டாடவும் பட்டார்கள். டெல்லியிலிருந்து ஆகாஷவாணி செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் ஒரு தலைமுறைக்கே கடிகாரம் மாதிரி. அவர் 2022-ல் காலமானார்.

'இன்று ஒரு தகவல்' தென்கச்சி கோ.சுவாமிநாதனை, பெயரைக் கேட்டுத் தென்காசிக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் ஊர் அரியலூர் மாவட்டம். ஆனால் 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியில் அவர் பணியாற்றியிருக்கிறார். சில நிமிடத்தில் ஒரு கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. இன்னைக்கு அதுக்குப் பெயர் பாட்காஸ்ட்.

1941-ல் தொடங்கிய பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-ல் நின்றது. பிபிசி தமிழ் இணையத்தில் தொடர்கிறது.

கவனிச்சா ஒண்ணு புரியும். இவங்க எல்லோரும் அரசு வானொலி அல்லது பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் இருந்தவர்கள். அதற்கு வெளியே, தமிழ்நாட்டில் வானொலிச் செய்தியாளர் என்ற வேலைக்கே கதவு திறக்கவில்லை.

ஸ்பானிஷ் மொழியில் என்ன நடந்தது?

டேனியல் அலார்கோன் பெரு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர். 2007-ல் பெருவின் மலைப்பகுதியிலிருந்து தலைநகர் லிமாவுக்கு இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி பிபிசி-க்காக ஒரு வானொலி ஆவண நிகழ்ச்சி செய்தார். இறுதி வடிவத்தில் ஆங்கிலம் பேசியவர்களின் குரலுக்கே அதிக இடம் கிடைத்தது, ஸ்பானிஷ் குரல்கள் குறைந்துபோயின என்று பின்னர் சொன்னார். அந்த மக்களின் கதையை அவங்க மொழியிலேயே சொன்னால் என்ன என்ற யோசனை அங்கிருந்து வந்தது.

2012-ல் கரோலினா குர்ரேரோ உள்ளிட்டோருடன் சேர்ந்து 'ரேடியோ ஆம்புலாந்தே' தொடங்கினார். முதல் பணம் பொதுமக்களிடமிருந்து வந்தது. இணையம் வழியாக 40,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2016-ல் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் விநியோகிக்க முன்வந்தது. ஸ்பானிஷில் என்பிஆர் எடுத்துக்கொண்ட முதல் பாட்காஸ்ட் அதுதான்.

2020-ல் அதே குழு, 'எல் இலோ' என்ற வாராந்திரச் செய்தி பாட்காஸ்டையும் தொடங்கியது. வானொலிச் செய்தியாளர் சில்வியா வின்யாஸும் எலியேசர் புடாசோஃபும் தொகுத்து வழங்கினார்கள். வாரத்துக்கு ஒரு விஷயம், அதை முழுசா விளக்குவது. அவ்வளவுதான் திட்டம். 2021-ல் அலார்கோனுக்கு மெக்ஆர்தர் ஃபெலோஷிப் கிடைத்தது.

தமிழுக்கு இது பொருந்துமா?

மொழியின் அளவில் வித்தியாசம் பெரிது. ஸ்பானிஷ் தாய்மொழியாளர்கள் சுமார் 50 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழ் பேசுபவர்கள் 6.9 கோடி. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா தனிக்கணக்கு.

ஆனா ரேடியோ ஆம்புலாந்தேக்குக் கைகொடுத்தது எண்ணிக்கை மட்டும் இல்லை. ஊரை விட்டுப் போனவர்களின் காதும்தான். அது தென்காசிக்கு நிறையவே உண்டு. கடையநல்லூர், தென்காசி குடும்பங்கள் தலைமுறைகளாக சிங்கப்பூரில் இருக்கின்றன. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களும் ஏராளம். ஊர்ச் செய்தியை ஊர்ப் பேச்சில் கேட்க அவர்களுக்கு ஒரு ரேடியோவும் எட்டாது. செல்போன் எட்டும்.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் பணம். விளம்பரத்தை மட்டும் நம்பி ரேடியோ ஆம்புலாந்தே ஓடவில்லை. நன்கொடை, அறக்கட்டளை உதவி, நேயர் சந்தா, ஸ்பானிஷ் கற்பவர்களுக்கான செயலி என்று நாலு பக்கமும் கை நீட்டியது. தமிழில் அதே உழைப்பைப் போட ஆள் உண்டு. மாதச் சம்பளம் கொடுக்க அமைப்பு வேணும்.

இரண்டாவது, பொறுப்பு. பாட்காஸ்டுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் எதையும் சொல்லலாம் என்று அர்த்தம் இல்லை. இணையத்தில் செய்தி வெளியிடுபவர்களுக்கு 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் உண்டு. அவதூறு வழக்கும் வரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தென்மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் போனது. அந்த நேரத்தில் பாட்காஸ்ட் உதவாது. பேட்டரி போட்ட ரேடியோ உதவும். அதனால பாட்காஸ்ட் வந்தாச்சு, இனி வானொலியில் செய்தி எதுக்கு என்று விட்டுவிட முடியாது.

அடுத்து என்ன?

டிராய் பரிந்துரையை மத்திய அரசு ஏற்றால் எஃப்எம் நிலையங்கள் உள்ளூர்ச் செய்தியாளர்களை வேலைக்கு எடுக்க வழி பிறக்கும். அதுவரை தென்காசியில் குரலால் செய்தி சொல்ல விரும்பும் இளைஞருக்கு பாட்காஸ்ட்தான் வழி. ஒரு மைக், ஒரு போன் போதும், ஆரம்பித்துவிடலாம். அடுத்த சீசன் வரைக்கும் அதை நிறுத்தாமல் நடத்துவதுதான் கஷ்டம். அதற்குச் சந்தா கட்டும் நேயர்கள் வேணும்.