இரண்டு டப்பாக்கள்: நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



என் அம்மாவுக்கு 72 வயது. பல வருடமாகச் சுகர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறு கண் மங்கல். காலை மாத்திரையை எவர்சில்வர் டப்பாவிலும் ராத்திரி மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவிலும் வைத்திருக்கிறார். கரண்ட் போனாலும் தடவிப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடுவார். தன் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி அவரே செய்துகொண்ட ஏற்பாடு. வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

போன வருடம் அவர் போய்வரும் தனியார் மருத்துவமனை ஒன்றில் மருந்துச் சீட்டை நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாம் செயலியில் வருமாம். செயலி இருப்பது என் போனில். நான் வீடு திரும்ப இரவாகிவிடும். டாக்டர் ராத்திரி மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாகக் கூட்டியிருந்தார். அந்த மாற்றம் வெளிர் சாம்பல் நிறத்தில், கடுகளவு ஆங்கில எழுத்தில், மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் கவனிக்கவில்லை. அம்மா நடு ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் தேடினேன். அதற்குள் நான்கு நாள் போய்விட்டது.

என் கவனக்குறைவுதான். ஆனால் கவனம் தவறும் இடத்தில் மனிதரைக் காப்பதற்குத்தானே வடிவமைப்பு? 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். அடிப்படைக் கோளாறு மென்பொருளில் இருந்தது. ஆனால் ஒரு விபத்தில் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டுமே வந்தது. அது ஆபத்தின் அறிகுறி என்று இயக்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை தொடரும், அழுத்தினார். புரியாத திரையும் உயிரை வாங்கும்.

நம் அனுபவமும் தூரத்தில் இல்லை. 2021-ல் 18 முதல் 44 வயதுள்ளோர் கொரோனா தடுப்பூசி போட ஒன்றிய அரசின் கோவின் தளத்தில் முன்பதிவு தொடக்கத்தில் கட்டாயமாக இருந்தது. தளமோ முதலில் ஆங்கிலத்தில். ஜூன் மாதம் பிற மொழிகள் சேர்ந்தபோதும் தமிழ் விடுபட்டிருந்தது. குரல் எழுந்த பிறகே வந்தது. ஸ்மார்ட்போனும் ஆங்கிலமும் இல்லாதவருக்கு ஊசிக்கு முன்னாலேயே கதவு சாத்தியிருந்தது.

பல செயலிகள் பெயர் கேட்கும் விதத்தையே பாருங்கள். ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் கேட்கிறார்கள். இனிஷியலோடு வாழும் நாம் ஓரிடத்தில் எழுத்தையும், இன்னோரிடத்தில் அப்பா பெயரையும், வேறிடத்தில் கணவர் பெயரையும் போட்டு நிரப்புகிறோம். ஒரே அம்மா மூன்று பேராகிவிடுகிறார். பழைய நோய்க்குறிப்பு யாருடையது என்று எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்?

நல்ல முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் மாத்திரையோடு அவர் வாசலுக்கே போகிறது. அதன் அடிப்படை எண்ணமே நல்ல வடிவமைப்பு. நம் திரைகளுக்கும் அந்த எண்ணம் வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மருத்துவத்துக்கான எந்தச் செயலியும் வெளிவருமுன், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. வரிசையில் நிற்கும் பாட்டியிடமும், வீடுவீடாகப் போகும் தன்னார்வலரிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் பாருங்கள். அவர்கள் திணறினால் செயலியைத் திருத்துங்கள், அவர்களையல்ல. போன் இல்லாதவருக்குக் காகிதச் சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

இப்போது ராத்திரி டப்பாவில் இரண்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. இரண்டு மாத்திரை என்று அர்த்தம். யோசனை அம்மாவுடையது. கேட்டால் சொல்ல அவரைப் போன்றவர்களிடம் நிறைய இருக்கிறது. கேட்கச் சொல்லி ஆணையிடுங்கள்.

அன்புடன்,
ஒரு மகள்